உத்தியோகத்துக்குப் பின் வரும் பாட்டு

இளமையில் பாட்டு எழுதியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. மறைக்கல்வி ஆண்டு விழாவுக்கு ஒரு வரவேற்புப் பாடல், கிறிஸ்து பிறப்பு இரவுக்கு ஒரு தாலாட்டு, பாதுகாவலர் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு ஒரு புகழ்மாலை என்று பதினெட்டு, இருபது வயதில் நோட்டுப் புத்தகங்களை நிரப்பியவர்கள் அவர்கள். பின்னர் வேலை கிடைத்தது, திருமணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தனர், வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் வந்து சேர்ந்தன. நோட்டுப் புத்தகம் டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின், பழைய பத்திரம் ஒன்றைத் தேடும்போது அது மறுபடியும் கையில் அகப்படுகின்றது. "இனிமேல் இதைத் தொடலாமா? தொட்டால் வருமா?" என்ற கேள்வி அப்போது எழுகின்றது. இம்மாதம் அந்தக் கேள்வியைக் குறித்துச் சிறிது சிந்திப்போம்.

பரங்கிமலை முதல் வண்டலூர் வரை இரயில் பாதையை ஒட்டி வாழும் நமக்கு இது புதிய கேள்வியன்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய 1931-ஆம் ஆண்டிலிருந்து, காலையில் வடக்கே சென்று மாலையில் தெற்கே திரும்பும் வாழ்க்கையே இப்பகுதி மக்களுக்கு அமைந்தது. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், இரயில்வே ஊழியர்கள், குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலை போன்ற ஆலைகளில் பாடுபட்டவர்கள், விமானப்படைத் தளத்தில் பணி செய்தவர்கள், 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தோற்றுவித்த காசநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த செவிலியர் என, உழைப்பாளிகள் நிறைந்த பங்குகள் நம்முடையவை. இவர்களில் எத்தனை பேர் ஒரு பாட்டை மனத்துக்குள் வைத்துக்கொண்டே முப்பது ஆண்டுகள் இரயில் ஏறி இறங்கினார்களோ, இறைவனுக்கே தெரியும்.

பெட்டியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைச் சொல்லி அதை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். "கற்றதெல்லாம் துருப்பிடித்துவிட்டது, கோப்புகளோடும் கணக்குகளோடும் காலம் போய்விட்டது" என்பது முதற் காரணம். "இப்போது பாடகர் குழுவில் இளைஞர்கள் இருக்கிறார்கள், கீபோர்டு இருக்கிறது, நமக்கு அங்கே என்ன வேலை?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: பாட்டு இளமைக்குரிய சொத்து, உத்தியோகத்தில் கழிந்த காலம் பாட்டுக்கு நட்டம் என்பதே அது. இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க, நம் திருச்சபையின் மகன் ஒருவரது வாழ்வைச் சற்றே புரட்டுவோம்.

முன்சீப் எழுதிய கீர்த்தனைகள்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவருக்கு அப்புகழைத் தந்தது. அவர் கத்தோலிக்கர் என்பதையும், வாழ்நாளின் சிறந்த பகுதியை நீதிமன்றத்தில் கழித்தவர் என்பதையும், கீர்த்தனைகள் பல இயற்றியவர் என்பதையும் நம்மில் சிலர் மறந்துவிட்டோம்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826 அக்டோபர் 11-ஆம் நாள் பிறந்தவர் அவர். இளமையிலேயே தமிழும் ஆங்கிலமும் கற்று, செய்யுள் இயற்றும் பழக்கமும் பெற்றிருந்தார். ஆயினும் சோறு போட்டது நீதிமன்றமே. முதலில் ஆவணங்களைக் காக்கும் வேலை. பின்னர் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி. அதன்பின் சீர்காழி, மாயூரம் என்று பணி தொடர்ந்தது. 1872-இல் பதவியை விட்டு நீங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தாறு. அதாவது பதினைந்து ஆண்டுகள் நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்து, நிலத் தகராறும் கடன் வழக்கும் பாகப் பிரிவினையும் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அந்நாட்களில் அவருடைய எழுதுகோல் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 'நீதிநூல்' 1859-இலும், பெண்களின் நலம் கருதிய 'பெண்மதி மாலை' 1869-இலும் வெளிவந்தன. ஆனால் அவர் பெருமுயற்சியோடு செய்த எழுத்துப்பணிகளுள் ஒன்று எது தெரியுமா? 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த உயர்நீதித் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தந்த 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூல். 1862-இல் வெளிவந்தது அது. கவிதை உள்ளம் படைத்த ஒருவர், தம் ஓய்வு நேரத்தைத் தீர்ப்புகளை மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். இதைப் பாட்டுக்கு நேர்ந்த நட்டம் என்று ஒருவர் கருதக்கூடும்.

அப்படியன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. பதவி நீங்கிய பதினேழு ஆண்டுகளில் அவர் வெளியிட்டவற்றைப் பாருங்கள். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலிய பக்திப் பாடல்கள் 1873-இல் வெளிவந்தன. 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878-இல் நூலுருப் பெற்றது. அடுத்த ஆண்டில் முதல் நாவல். 1887-இல் 'சுகுண சுந்தரி'. இறைவனடி சேர்ந்த 1889-ஆம் ஆண்டில் 'சத்திய வேதக் கீர்த்தனை'. ஐம்பது வயதை ஒட்டிய காலமே அவருக்கு அறுவடைக் காலமாயிற்று.

நீதிமன்றம் கற்றுத்தந்தவை

அக்கீர்த்தனைகளுக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? இங்கேதான் நாம் வாசகர்களின் கருத்தை ஈர்க்க விரும்புகிறோம். நீதிமன்றத்தில் இருபுறமும் நின்று பேசுபவர்களைப் பதினைந்து ஆண்டுகள் கேட்டவருக்கு, மனிதர் எப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரியும். ஏழையின் வாக்குமூலம் எங்கே தடுமாறும், பொய்ச் சாட்சி எங்கே அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கும் என்பது தெரியும். கைக்கூலி வாங்குகிறவன் குடிகளை எப்படி அலைக்கழிப்பான் என்பதும், ஒரு குடும்பம் அற்பச் சொத்துக்காக எப்படி உடையும் என்பதும் தெரியும். ஆகவே அவர் பாட்டு எழுதியபோது கடவுள் துதியோடு நிற்கவில்லை. ஒழுக்கமும் குடும்ப வாழ்வும் உத்தியோகத்தின் நேர்மையும் பாடுபொருளாயின. எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடக்கூடிய வகையில் இறைவனை அழைத்தமையும், பல சமயத்தாரின் வழக்குகளை ஒரே தராசில் நிறுத்துப் பழகிய ஒருவருக்கு இயல்பாக வந்த பண்பு எனலாம்.

தீர்ப்பு எழுதும் பழக்கமும் பயன்பட்டது. தீர்ப்பில் ஒரு சொல் மிகுந்தாலும் குறைந்தாலும் ஒருவன் நிலத்தை இழப்பான். அவ்வாறு சொல்லை அளந்து பழகியவர், பல்லவியில் வீண் சொல்லை இடமாட்டார்.

அவர் பதவி நீங்கிய சில ஆண்டுகளில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், அந்த வள்ளன்மையைக் கண்டு அவரைப் போற்றிப் பாட்டு ஒன்று இயற்றினார் என்பது வரலாறு. சைவப் பெரியவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப்பைப் பாடிய அச்செயலை நாம் பெருமையோடு நினைவில் வைக்கத் தகும். பஞ்சப் பாட்டை எழுதிய கை, கஞ்சி வார்த்த கையும் ஆகும். இருபது வயதுக் கவிஞன் பஞ்சத்தை வருணிக்க இயலும். ஊரின் பசியைக் கணக்கிட்டு அண்டாவில் அரிசி போட்டவனே பஞ்சத்திலிருந்து பாட இயலும்.

இன்னொரு சான்றையும் கூறலாம். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்தவர். அங்கே சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் வாசிக்கக் கற்றார். ஆனால் அவருக்குப் பெயரும் பொருளும் தந்தது சித்த மருத்துவம். தஞ்சையில் மருத்துவராகச் செழித்த பின்னரே அவர் இசையில் முழு மனத்தோடு இறங்கினார். 1912-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், தம் செலவிலேயே தஞ்சையில் சங்கீத மாநாட்டைக் கூட்டினார். தமிழிசை ஆராய்ச்சியின் பெருநூலாகிய 'கருணாமிர்த சாகரம்' 1917-இல் வெளிவந்தது. தமிழ்க் கீர்த்தனைகளும் இயற்றினார். மருந்து விற்ற பணம் இசைக்குச் சோறிட்டது. மூலிகைகளை வகைப்படுத்திப் பழகிய பொறுமை சுருதிகளை ஆராயவும் உதவியது.

இவ்விருவரும் உத்தியோகத்தைத் தாண்டி வந்து இளமைப் பாட்டை மீட்டுக்கொண்டவர்கள் அல்லர். உத்தியோகத்தையே மூட்டையாகக் கட்டிக்கொண்டு பாட்டிடம் வந்தவர்கள்.

நம் மூட்டையில் இருப்பது என்ன?

தாம்பரத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழையில், ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளுக்குள் புகுந்தது. மாடியில் இரவெல்லாம் செபமாலை சொன்ன குடும்பங்கள் உண்டு. படகில் பால் பொட்டலம் கொண்டு சென்றவர்கள் உண்டு. அடுத்த வாரம் சேற்றை வாரியவர்களும், நனைந்த பள்ளிச் சான்றிதழ்களை வெயிலில் உலர்த்தியவர்களும் உண்டு. அந்த இரவுக்கு நம் பங்குகளில் ஒரு பாட்டு வேண்டாமா? கீபோர்டு வாசிக்கும் இளைஞன் அப்போது சிறுவன். அதை எழுதத் தக்கவர், அன்று ஏணியைப் பிடித்து அண்டை வீட்டுப் பாட்டியை இறக்கியவரே.

அவ்வாறே, இரவுப் பணியில் நோயாளியின் இருமலைக் கேட்டே அவர் நிலையை அறிந்த செவிலியர் நோயுற்றோர் வழிபாட்டுக்கு ஒரு பாடலைத் தரலாம். முப்பது ஆண்டுகள் சிக்னலைப் பார்த்துக் காத்திருந்த இரயில்வே ஊழியர், திருவருகைக் காலத்தின் காத்திருத்தலைப் பற்றி அறியாதவரா? கல்லுடைத்த தந்தையின் மகனாகப் பல்லாவரத்தில் வளர்ந்தவருக்கு, கட்டுவோர் விலக்கிய கல் என்ற விவிலிய உவமை வெறும் உவமைதானா?

சாவைப் பற்றிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் எழுதிய இரங்கற்பாவில் 'கண்ணீர்' என்ற சொல் பத்து இடங்களில் வரும். தாயையும் தந்தையையும் கல்லறைக்குத் தூக்கிச் சென்ற தோள், ஐம்பத்தைந்து வயதில் எழுதினால் கண்ணீரைப் பெயர் சொல்லி அழைக்கத் தேவையில்லை. வாசலில் கிடக்கும் தாயின் செருப்பைச் சொன்னால் போதும்; கேட்பவர் அழுவார். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நம் மக்கள் பாடுவதற்கு இத்தகைய பாடல்கள் எத்தனை இருந்தாலும் மிகையாகா.

எழுத உட்காருமுன்

ஆர்வம் மட்டும் போதாது, முறையும் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, பாடல் இயற்றுவோருக்கென்றே சில அறிவுரைகளைத் தருகின்றது. பாடலின் சொற்கள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைந்திருத்தல் வேண்டும். முதன்மையாக விவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்படுதல் வேண்டும். பெரிய பாடகர் குழுக்களுக்கு மட்டுமின்றி, சிறிய குழுக்களுக்கும் ஏற்றதாக, மக்கள் அனைவரும் பங்கேற்கத் தக்கதாக இருத்தல் வேண்டும். தாய்மொழிக்குக் கதவைத் திறந்த சங்கம், தாய்மொழிக் கவிஞனிடம் இப்பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறது.

நடுவயதினருக்கு இதில் ஓர் ஆறுதலும் உண்டு. இளமையில் எட்டிய மேல் ஸ்தாயி இப்போது எட்டாது; மூச்சும் நீளாது. இதைக் குறையென்று எண்ணற்க. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வரும் மக்களில் பெரும்பாலோர் நிலையும் அதுவே. தம் குரலுக்கு எட்டிய எல்லைக்குள் எழுதுகிற ஐம்பது வயதினர், தம்மை அறியாமலே சபை முழுவதும் பாடக்கூடிய பாட்டை எழுதுகிறார். மேலே ஏறி இறங்கும் மெட்டில் இளைஞர் பாட, மக்கள் வாய்மூடி நிற்கும் காட்சியை நாம் காணாமலா இருக்கிறோம்?

பல்லவி சிறியதாக இருக்கட்டும். ஒரு முறை கேட்டதும் நாவில் நிற்கட்டும். சரணங்கள் இரண்டோ மூன்றோ போதும். எதுகை மோனை தாமாக வந்தால் வரவேற்க. அவற்றுக்காகப் பொருளைப் பலியிட வேண்டாம். குறில் நெடிலில் மிகக் கவனம் தேவை. குறில் எழுத்தின்மேல் மெட்டு நீண்டு நின்றால் பொருள் மாறிப்போகும். இறைவனிடம் 'வரம்' கேட்கப் போய் 'வாரம்' கேட்டு நிற்போம். 'மனம்' தந்தேன் என்பதற்குப் பதிலாக 'மானம்' தந்தேன் என்று ஊரறியப் பாடுவோம்! ஆதலால் எழுதிய வரியை முதலில் பேசிப் பாருங்கள். பிறகு தாளம் தட்டிப் பாருங்கள். அதன் பின்பே மெட்டில் அமர்த்துங்கள்.

பதிலுரைப் பாடல் இறைவார்த்தையாகிய திருப்பாடலே. அதன் இடத்தில் நம் கவிதையை வைத்தல் ஆகாது. திருப்பலியின் மற்றப் பாடல்களுக்கும் திருச்சபையின் ஒப்புதல் வேண்டும். ஆகவே பாட்டை முதலில் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். அவர் ஒரு சொல்லைத் திருத்தினால் முகம் சுளிக்க வேண்டாம். பணிக்காலத்தில் மேலதிகாரி திருத்திய கோப்பை எத்தனை முறை மறுபடியும் எழுதினோம்! அந்தப் பொறுமையும் மூட்டையில் இருக்கும் பொருள்தான்.

பங்கு பாடாவிட்டால்?

மனத்தை உண்மையில் உறுத்தும் அச்சம் இதுவே. அரும்பாடுபட்டு எழுதிய பாட்டைப் பாடகர் குழு ஏற்காமற் போகலாம். "ஐயா, அடுத்த திருவிழாவுக்குப் பார்க்கலாம்" என்று இளைஞர் மரியாதையோடு தட்டிக் கழிக்கலாம். பல ஆண்டு மௌனத்துக்குப் பின் வாய் திறந்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும். மனம் நொந்து பெட்டியை மூடிவிட்டவர்களும் உண்டு.

அவர்களுக்கு நாம் சொல்வது இது. திருப்பலியே பாட்டுக்கு ஒரே இடமன்று. அன்பியக் கூட்டம் உண்டு. மே மாத, அக்டோபர் மாதச் செபமாலை உண்டு. புதுமனை புகுவிழா, திருமண நிச்சயம், துக்க வீட்டின் இரவு விழிப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாக நம் வீட்டின் மாலைச் செபம் உண்டு. வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள் பின்னாளில் கச்சேரி மேடை ஏறின என்பது உண்மை. ஆயினும் அவர் பாட்டில் குடும்ப வாழ்வுக்கு அத்தனை இடம் தந்ததை நோக்கினால், வீட்டுக் கூடமும் பாட்டுக்கு ஏற்ற ஆலயமே என்பது விளங்கும். பேரப்பிள்ளை ஒன்று தாத்தாவின் பல்லவியைப் பள்ளிக்குப் போகும் வழியில் முணுமுணுத்தால், அப்பாட்டு பாடப்பட்டுவிட்டது. அதற்குமேல் எது வந்தாலும் அது இறைவன் தரும் மிகுதி.

இளைஞரைப் போட்டியாளராக எண்ணவும் வேண்டாம். அவர்களிடம் மெட்டு இருக்கிறது. பெரியவர்களிடம் சொல் இருக்கிறது. ஒரு மாலைப் பொழுது அவர்களோடு அமர்ந்து, "தம்பி, இந்த வரிக்கு ஒரு மெட்டுப் போட்டுக் கொடுப்பா" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்படாத இளைஞன்தான் விலகி நிற்கிறான்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அப்பா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கேலி செய்யாதீர்கள். அம்மா அடுப்பங்கரையில் முணுமுணுப்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்க அவ்வப்போது கட்டிப் பாடிய தாலாட்டுகளை எழுதி வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு நாளும் நேரம் கிடைத்ததில்லை. ஆண்களுக்கு ஓய்வு நாள் என்று ஒன்று வருகின்றது; வீட்டைக் காக்கும் பெண்களுக்கு அது வருவதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் சமையலறையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால், பல வீடுகளிலிருந்து நல்ல பாடல்கள் வெளிவரும்.

தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் வெளியே எடுத்து வைக்கும் வீட்டுத் தலைவரைப் பற்றி ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் பேசுகிறார். கருவூலம் நிறைவதற்குக் காலம் ஆகும். இளமை கொடுத்த இசை பழையது. உழைப்பு கொடுத்த பொருள் புதியது. இரண்டும் ஒருங்கே கையில் இருப்பது நடுவயதில்தான். ஆகையால் பெட்டியைத் திறந்தவர்கள் மூடவேண்டாம். இவ்வாரம் ஒரு பல்லவி எழுதுங்கள். ஞாயிறு மாலைச் செபத்தில் வீட்டாரோடு பாடிப் பாருங்கள்.